ஞானதுரையின் சிவப்புக் கார்

ஞானதுரை தன் சிவப்புக் காருக்குள், ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தபடி செத்துக் கிடந்தார். பார்ப்பவர்களுக்கு அசந்து தூங்குகிறவரைப் போலத்தான் தெரிந்தது.

1937, ஆடி மாதம். போடிநாயக்கனூர். காலை எட்டு மணி. மலை முழுவதும் மேகத்துக்குள் போயிருந்தது. சாரல் விழுகிறதா, காற்றே ஈரமாக வீசுகிறதா என்று சொல்ல முடியவில்லை.

சப் இன்ஸ்பெக்டர் சங்கரலிங்கம் கார்க் கொட்டகையின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மலேரியாவில் படுத்திருந்து முந்தாநாள்தான் எழுந்திருந்தார். விழுங்கிய கொயினா மாத்திரைகள் காதுக்குள் ஓயாமல் ரீங்காரம் போட்டன. எதிரே நடப்பதெல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல மெதுவாக அசைந்தது. கொட்டகைக்குள் ஏலக்காய் மணமும் பெட்ரோல் வாடையும் கலந்து தலையைக் கிறக்கின.

"ஐயா, சித்த உக்காருதீகளா?" என்றார் ஏட்டு ஒச்சாண்டி.

"வேண்டாம். மொதல்ல பாத்தது யாரு?"

"நாந்தான் சார்." முன்னால் வந்தவர் பாக்கியமணி. செத்தவரின் தங்கை ஞானசெல்வியின் புருஷன். அவருடைய ஏலக்காய்க் கடையில் கூட்டாளி. வெள்ளை முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. அவர் கிட்டே வந்ததும் மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

"என்ன பாத்தீங்க?"

"கடைச் சாவி வாங்க வந்தேன். கொட்டகைக்குள்ள என்ஜின் ஓடுற சத்தம். கதவைத் தெறந்தா புகைன்னா புகை, கண்ணே தெரியல. நாந்தான் கையவிட்டு சாவியத் திருப்பி நிப்பாட்டுனேன். மச்சான் ஒடம்பு சில்லுன்னு இருந்துச்சு."

"கதவு இடுக்குல சாக்கு அடைச்சிருக்கே?"

"அவரேதான் அடைச்சிருக்கணும். கொஞ்ச நாளா மனசு சரியில்லாம இருந்தாரு சார். யாருகிட்டயும் பேசல."

"நேத்து சாயங்காலம் நீங்க எங்க இருந்தீங்க?"

"கடையில. அப்புறம் வீட்ல."

சங்கரலிங்கம் காரைச் சுற்றி நடந்தார். ரெண்டே சீட்டு உள்ள பந்தயக் கார். பழசு. சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் தோட்டத்துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனது. வால்பக்கம் கறுப்பாக ஒரு பெட்ரோல் டாங்கி, தோல் வாரால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கால் தள்ளாடியபோது அவர் அதன்மேல் கையை ஊன்றினார். உள்ளங்கை கறுத்துவிட்டது. கிரீஸ் என்று நினைத்துக் கைக்குட்டையில் துடைத்தார். போகவில்லை.

செத்தவரின் விரல்களும் அப்படித்தான் கறுத்திருந்தன. சட்டையின் முதுகு முழுக்கத் தரை மண். மீசையோரத்தில் சணல் இழை ஒன்று ஒட்டியிருந்தது.

முதல் பஸ்ஸில் தேவதானப்பட்டியிலிருந்து சொர்ணலதா வந்து இறங்கினாள். ஞானதுரையின் மனைவி, அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறாள். வாசலில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. அழவில்லை. அழுகை எங்கோ வழியில் நின்றுவிட்டதுபோல வெறித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஞானசெல்வி ஓடிவந்து அவள் மடியில் விழுந்தாள்.

கொஞ்ச நேரத்தில் சபைப் போதகர் வந்தார். குடையை மடக்காமலே பேசினார்.

"சொல்ல எனக்கே வாய் வரலம்மா. தன் உயிரைத் தானே எடுத்துக்கிட்டவரைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள வைக்க சபை ஒத்துக்காது. மதிலுக்கு வெளிய குழி வெட்டச் சொல்லியிருக்கேன்."

சொர்ணலதா அப்போதுதான் வாயைத் திறந்தாள். போதகரிடம் அல்ல, சங்கரலிங்கத்திடம்.

"சார், அந்தக் காரு வெளிய பாக்கத்தான் ராசாவாட்டம். டாங்கிக்குள்ள பூராத் துரு. மலையேறும்போது துரு வந்து குழாய அடைச்சிக்கிட்டு அங்கங்க நின்னுபோகும். போன வாரங்கூட பூப்பாறை வளைவுல நின்னுபோச்சு. தேனியில புது டாங்கி செய்யச் சொல்லியிருக்கேன், நீ திரும்பி வந்ததும் ஒன்னைய கம்பம் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாக. சாகப்போறவுக பேசுற பேச்சா சார் இது?"

சங்கரலிங்கம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு மூக்கில் வைத்து முகர்ந்தார். கிரீஸ் இல்லை. பெயின்ட்.

"எல்லாரும் இங்கனயே இருங்க" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போனார். ஒச்சாண்டி மட்டும் பின்னால் வந்தார்.

டாங்கியின் மூடியைத் திருகி, ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். அதைச் சட்டைப்பையில் செருகினார். குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். எழுந்திருக்க வெகு நேரம் ஆனது. ஐயாவுக்கு மயக்கம் வந்துவிட்டதோ என்று ஒச்சாண்டி பயந்தார்.

"ஒச்சாண்டி, அந்த மூலையில சாக்கு மூடிக் கெடக்கே, அதை எடுங்க."

சாக்குக்குக் கீழே இன்னொரு டாங்கி கிடந்தது. அதுவும் கறுப்பு. ஒச்சாண்டி சாய்த்ததும் உள்ளிருந்து செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியது. பக்கத்தில் ஒரு டின்னில் வடித்து வைத்த பெட்ரோல்.

"வாடை வந்தது இதுலருந்துதான்" என்றார் சங்கரலிங்கம். காதுக்குள் ரீங்காரம் இன்னும் ஓயவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவர் முகத்தில், காய்ச்சல் விட்டபிறகு முதல் தடவையாக, ஒரு தெளிவு வந்தது.

முற்றத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பாக்கியமணி, கதவைத் தெறந்தப்ப என்ஜின் ஓடிக்கிட்டிருந்துச்சு. இல்லையா?"

"ஆமா சார்."

"நல்லா காதுல கேட்டுச்சா?"

"தெருவுக்கே கேட்டிருக்கும் சார்."

"எனக்கும் காதுல ஒரு சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருக்கு. அது இல்லாத சத்தம். நான் கொயினா சாப்பிட்டிருக்கேன். நீங்க என்ன சாப்பிட்டீங்க?"



சங்கரலிங்கம் மூங்கில் குச்சியை எடுத்துப் போதகரிடம் நீட்டினார். "மோந்து பாருங்க ஐயா."

"ஒரு வாடையும் இல்லையே. காஞ்சு கெடக்கு."

"இந்தக் குச்சி டாங்கியோட அடிவரைக்கும் போய்ட்டு வந்தது. பெட்ரோல் ஒரு தடவை பட்டிருந்தாக்கூட வாடை போகாது. உள்ள தகரம் கண்ணாடியாட்டம் மின்னுது. ஞானதுரை நேத்து துருப்பிடிச்ச டாங்கியக் கழட்டிட்டுப் புதுசை மாட்டியிருக்காரு. வெளியே கறுப்புப் பெயின்ட் அடிச்சாரு. இந்தச் சாரலுக்கு அது இன்னும் காயல. குழாயைக்கூட அவர் இன்னும் சேக்கல. அதோட வாயில துணி சுத்தி அப்படியே தொங்குது. அந்தக் கார் நேத்து ராத்திரி ஒரு மூச்சுக்கூட விட்டிருக்காது."

மேகம் முற்றம் வரை இறங்கி வந்திருந்தது.

"ஓடாத என்ஜின்ல புகை ஏது? புகை இல்லைன்னா, மூச்சை நிறுத்துனது சாக்கு. சணல் இழை மீசையில இருக்கு. அவர் டாங்கிக்குக் கீழ மல்லாந்து படுத்து வேலை செஞ்சுக்கிட்டிருந்தாரு, தலை மட்டும் வெளிய. மேலருந்து அமுக்கிட்டு, அப்புறம் அவரைத் தூக்கி ஸ்டியரிங் முன்னால உக்கார வச்சவன் டாங்கி மாத்துனதைக் கவனிக்கல. ரெண்டும் வெளியே பாக்க ஒண்ணுபோலக் கறுப்புதான். மூச்சுக்குத் தவிச்ச மனுஷன் அமுக்குன கையத்தான் பிடிப்பாரு. அவர் கையெல்லாம் பெயின்ட். அந்தக் கறையைக் கழுவ மண்ணெண்ணெய் வேணும்."

பாக்கியமணியின் கை தானாகவே சட்டைப் பொத்தானுக்குப் போனது. ஒச்சாண்டி ஓரடி எடுத்து வைத்தார். அதற்குள் ஞானசெல்வி எழுந்து புருஷன் எதிரே வந்து நின்றாள்.

"நேத்து ராத்திரி கெணத்தடியில நின்னு தேச்சீகளே. விளக்கு எண்ணெய் கொட்டிருச்சுன்னு சொன்னீக."

அவள் அவருடைய மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி, குழந்தைக்குச் சட்டை மாற்றுகிறவள்போலச் சட்டைக்கையை மெதுவாகச் சுருட்டினாள். முன்கை தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தது. முழங்கைக்குப் பின்னால், அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில், அண்ணனின் நாலு விரல்கள் கறுப்பாகப் பதிந்திருந்தன.

ஞானசெல்வி அந்த விரல்களின்மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டாள்.

"ஏன்?" என்றாள்.

பாக்கியமணி தரையில் உட்கார்ந்தார். பேச்சு வேறு யாருடையதோ போல வந்தது. "பூப்பாறை வளைவுல கார் நின்னுபோச்சுல்ல. தண்ணி கேட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்காரு. தெறந்தது எம்மவன். என் மூஞ்சிய உரிச்சு வச்சிருப்பான். அவன் அம்மைகிட்ட கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டாரு. ஆறு வருஷமா மலைமேல எனக்கு ஒரு குடும்பம் இருக்கு. நாளைக்கு செல்விகிட்ட நீயே சொல்லு, இல்லைன்னா நான் சொல்றேன்னாரு. காலைப் பிடிச்சேன். படுத்த வாக்குலயே வேலை பாத்துக்கிட்டு, மாட்டேன்னு தலைய ஆட்டுனாரு. வேற எந்த வளைவுல நின்னிருந்தாலும் அவருக்குத் தெரிஞ்சிருக்காது சார்."

ஒச்சாண்டி அவரை எழுப்பிக் கூட்டிப்போனார். தெருவில் கூடியிருந்தவர்கள் தாமாகவே வழிவிட்டார்கள்.

மாலையில் சாரல் நின்றது. மேற்கே மலை ஒரு கணம் முழுசாகத் தெரிந்துவிட்டு மறுபடி மறைந்தது. கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே வெட்டிய குழியில் தண்ணீர் ஊறிக் கிடந்தது. போதகர் யாரையும் கூப்பிடவில்லை. அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு உள்ளே போனார். ஒரு வேப்பமரத்தடியில் தாமே வெட்டத் தொடங்கினார். வெட்டுகிறவர்கள் ஓடிவந்து வாங்கப் பார்த்தும் கொடுக்கவில்லை.

பெட்டியை இறக்கும் நேரம். சங்கரலிங்கம் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வாசல் கதவுக்கு வெளியே ஞானசெல்வி தனியாக நின்றிருந்தாள். சபை மொத்தமும் அவளைப் பார்த்தது. அவள் உள்ளே கால் வைக்கவில்லை.

சொர்ணலதா குழியோரத்திலிருந்து எழுந்தாள். ஈர மண்ணில் நடந்து வாசலுக்குப் போனாள்.

"ஒங்க அண்ணன்தான செல்வி" என்றாள். "வா."

கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். அங்கே வந்த பிறகுதான், இருவரும் ஒன்றாக, வாய்விட்டு அழுதார்கள்.