கண்ணை எடுக்காதே, ரமாபாய்!

“மூணாவது வாட்டி வர்றேன்... இன்னிக்கும் ஒண்ணுமில்லன்னு அனுப்புனீங்கோ, இங்கியே படுத்துக்குவேன்!”

ராயபுரத்து அந்தச் சின்னக் கண் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. கத்தியவன் சிலுவைமுத்து, துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுபவன். இடது கண் சிவந்து நீராய்க் கொட்டியது. உள்ளே ஏதோ நெளிகிறது என்கிறான். டாக்டரம்மா பார்க்கும்போது மட்டும் அது எங்கேயோ ஒளிந்துகொள்கிறது. கண் சரியாகாமல் வேலைக்கு வராதே என்று மேஸ்திரியும் விரட்டிவிட்டார். பாவம், என்னதான் செய்வான்?

“கத்தாதீங்க. உக்காருங்க!”

அதட்டியவள் ரமாபாய். டாக்டரம்மாவின் உதவியாளர், புளியந்தோப்புப் பெண், மூக்கு நுனியில் கோபம். விளக்கைத் திருப்பி அவன் இமையை விலக்கினாள்... அம்மாடி! வெள்ளை விழியின் மேல்சவ்வுக்கு அடியில் நூல் மாதிரி ஒரு புழு, சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

“டாக்டரம்மா! புழு தெரியுது!”

ஆபரேஷன் அறையிலிருந்து குரல் வந்தது. “கேட்டராக்ட் முடிச்சிட்டு வர்றேன், பத்து நிமிஷம். அதுலேருந்து கண்ணை எடுக்காதே! உள்ளே போயிட்டா பிடிக்க முடியாது.”

பத்து நிமிஷம்... ஒரு வாலிபனின் கண்ணை, ஒரு சாண் தூரத்தில்! வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் விரல் அவன் இமையிலேயே இருந்தது.

“இது எப்டி மேடம் உள்ள பூந்துச்சு?”

“நாயைக் கடிச்ச கொசு உங்களைக் கடிச்சிருக்கும்.”

“அப்ப நாங்க மூணு பேரும் தோஸ்துன்னு சொல்லு.”

“ஆடாதீங்க!”

“இம்மாங்கிட்ட வந்து ஆடாதன்னா எப்டி? ஒன் மூஞ்சி... இன்னா அழகா கீது தெரியுமா?”

ஐயோ... முகமெல்லாம் சுட்டது. ஒரே ஒரு நொடி தலை குனிந்துவிட்டாள்.

நிமிர்ந்தால், புழுவைக் காணோம்.

டாக்டரம்மா வந்து தேடினார். “நீ கண்ணை எடுக்கலியே?”

“இ... இல்ல டாக்டரம்மா.”

“அப்ப நீ பாத்தது ரத்தக்குழாய். புழுவா இருந்தா நகர்ந்து போறதைப் பாத்திருப்பே. ஏம்ப்பா, லீவு சர்டிபிகேட்டுக்கு நாடகமா? இனிமே இங்க வராதே.”

சிலுவைமுத்து ரமாபாயை ஒருமுறை பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை. என்னால் இவளுக்கு வேலை போக வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். அவள் இரண்டடி அவன் பின்னால் ஓடினாள். கண்ணே போய்விட்டால்? என் வெட்கம் அவ்வளவு பெரிதா?

“டாக்டரம்மா! நான் பொய் சொல்லிட்டேன்!” வேலை இடத்துத் திருத்தமான பேச்செல்லாம் பறந்து, புளியந்தோப்புப் பேச்சு வந்துவிட்டது. “புழு நெஜமா கீது! இவரு அழகா கீறேன்னு சொன்னாரு... வெக்கமா பூட்ச்சி... கீழ குனிஞ்சிட்டேன். எனக்கும்... இவரப் புடிச்சி பூட்ச்சி.”

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு விளக்கடியில் தானே உட்கார்ந்தார். “வாப்பா... நானே பாத்துக்கறேன்.”

அரைமணி நேரம் ஆட்டம் காட்டிவிட்டுப் புழு தலைகாட்டியது. மரத்துப்போக மருந்து விட்டு, சவ்வை லேசாகக் கீறி, இடுக்கியால் பிடித்து இழுத்தார்கள். கண் தப்பியது.

கண்ணில் கட்டோடு வாசலில் நின்றவன் சிரித்தான்.

“டாக்டரம்மாவாண்ட சொன்ன... என்னாண்ட சொல்லலியே?”

“புடிச்சிருக்கு... போதுமா?”

“போதாது,” என்றான் சிலுவைமுத்து. “இன்னொரு வாட்டி சொல்லு.”