இரண்டும் இடது பக்கம்

இப்போதெல்லாம் ஜனங்களுக்குக் கழற்றத் தெரிகிறது, கழற்றியதைப் பத்திரமாக வைக்கத் தெரியவில்லை. குரோம் பூசக் கார் பம்பரை அனுப்புவார்கள். திரும்பி வரும்போது பம்பர் மட்டும் வரும். அதைத் தாங்குகிற பிராக்கெட், போல்ட், வாஷர் எல்லாம் எங்கே? யாருக்கும் தெரியாது. உடனே என் பழைய கார் சாமான் கடைக்கு ஓடி வந்து கண்ணைக் கசக்குவார்கள்.

அன்றும் அப்படித்தான். நல்ல மழை. கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பல் டாக்டர் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். இமையில் மழைத்துளி நின்றது... அதைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் இரும்புக் குவியலுக்குள் கையை விட்டாள். கம்பி கட்டிக் கிடந்த இரண்டு பிராக்கெட்டுகள். ஒரு முனை அவள் கையில்... மறுமுனை ஒரு வாலிபன் கையில்!

"விடுங்க சார், நான்தான் முதல்ல பார்த்தேன்."

"பார்த்தது நீங்க. தொட்டது நான்."

"என்ன வேலை பார்க்கிறீங்க?"

"கணக்கு வாத்தியார்."

"அதான்... மனசுல ஈரமே இல்ல."

"தொப்பலா நனைஞ்சு நிக்கிறேன். இன்னும் எவ்வளவு ஈரம் வேணும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

"எங்க அண்ணன் நாளைக்குக் காரை எடைக்குப் போடறார். பம்பர் மாட்டி முழுசா நிறுத்தினா விட்டுடறேன்னு சொல்லியிருக்கார். அப்பாவுக்கு முட்டி போச்சு. சாயங்காலமானா அந்தக் கார்ல உக்காந்துதான் ரேடியோ கேப்பார்..."

அவனிடமும் அதே மாடல் கார் இருந்தது, பச்சை நிறம். இடது பிராக்கெட் விரிசல் விட்டதால் வந்திருந்தான். கொடுக்க மனசு வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"கொஞ்சம் கெஞ்சினா யோசிக்கலாம்..."

"கெஞ்சறதுக்கு வேற ஆளைப் பாருங்க!"

கண்ணில் ஒரு மின்னல். மழையிலேயே போய்விட்டாள். இவன் திருதிருவென்று விழித்தான். பிராக்கெட்டுகளுக்குக் காசை எண்ணிக் கொடுத்தான்.

"ஐயா... அவங்க வீடு எங்க இருக்கு?"

சொன்னேன். அந்தக் காரை எடுத்துப்போக அவள் அண்ணன் கூப்பிட்டிருந்ததே என்னைத்தான்.

காலையில் லாரியோடு போனால், காருக்கு அடியிலிருந்து நாலு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"டைட் பண்ணாதீங்க! எல்லா போல்ட்டும் லூசா ஏறட்டும். பம்பர் நேரா நின்னப்புறம்தான் முடுக்கணும்."

"சரிங்க டாக்டர்."

"வாயைத் திறக்காம பிடிங்க."

"பல் டாக்டர் சொல்ற பேச்சா இது?"

அவள் சிரித்தாள்... சட்டென்று நிறுத்தினாள்.

"இந்த வலது பிராக்கெட்ல மட்டும் ஏன் பச்சைப் பெயிண்ட்?"

அவன் தயங்கினான். "கடையில வாங்கினது ரெண்டுமே இடது பக்கம். வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தேன். அதான்... இதை என் கார்லேர்ந்து கழட்டிட்டேன்."

"அப்ப உங்க பம்பர்?"

"கயிறு போட்டுக் கட்டியிருக்கேன்."

இருவரும் தலையை வெளியே நீட்டி என்னை முறைத்தார்கள். ஜோடி என்று நான் எப்போது சொன்னேன்?

அண்ணன்காரன் வந்தான். பம்பர் மேல் ஏறி நின்று குதித்தான். அது அசையவில்லை. "அப்பா, வந்து ரேடியோவைப் போட்டுக்குங்க" என்று முனகிவிட்டு உள்ளே போனான். பெரியவர் மெதுவாக நடந்து வந்து முன் சீட்டில் சாய்ந்துகொண்டார்.

அவள் தரையைப் பார்த்தபடி கேட்டாள். "கெஞ்சினா யோசிக்கலாம்னீங்க. நான் கெஞ்சவே இல்லையே..."

"நானும் யோசிக்கவே இல்லைங்க... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

கை முழுக்க கிரீஸ் என்பதை மறந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கு வழியே இரண்டு கண்கள் மட்டும்...

"எனக்கும்தான்..."

காருக்குள் ரேடியோ சத்தம் குறைந்தது. "கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா, சரியாக் கேக்கல!" என்றார் அப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மழை, ஒரு சண்டை, அதற்குள் காதலாம்! நாலு மேடு பள்ளத்தில் ஓடட்டும், அப்புறம் நம்புகிறேன். காலி லாரியை நோக்கி நடையைக் கட்டினேன்.