பதினாலுக்கு ஒரு கை தட்டுங்க!

ட்ரிங்... ட்ரிங்...!

கல்லகூரா போலீஸ் ஸ்டேஷனில் சார்ஜென்ட் ப்ரான்வின் போனை எடுத்தாள்.

கைக்குட்டைக்குள் அமுங்கிய ஆண் குரல். "ரோடியோ மைதானத்து பீர் ரூம்ல ஒரு பாடி கிடக்கு!"

"யாரோட பாடி?"

"பதினாலாம் நம்பர்! கயிறு... டேன் டல்லி! எட்டு புள்ளி நாலு செகண்ட்!"

டொக்!

பத்தே நிமிடத்தில் ப்ரான்வின் ஐஸ் மூட்டைகளைப் புரட்டித் தள்ளினாள்.

அடியில்... ஒரு காளைக்கன்று! கழுத்து முறிந்திருந்தது. காதில் நம்பர் வில்லை இருந்த இடத்தில் வெறும் ஓட்டை!

நேற்று ரோடியோவில், கன்றைக் கயிறு வீசி மடக்க எத்தனை செகண்ட் என்று பார்க்கும் போட்டியில், குதிரை மேலிருந்து டேன் வீசிய கயிறு, ஓடிய கன்றைப் பின்பக்கமாகச் சுண்டி எறிந்தது. அது எழவில்லை. தார்ப்பாய் போட்டு மறைத்துத் தூக்கிப் போனார்கள்.

"ஒண்ணுமில்ல மக்களே, மூச்சு வாங்குது! பதினாலுக்கு ஒரு கை தட்டுங்க!" மைக்கில் கத்தியவன் அறிவிப்பாளர் வெர்ன். டேனுடைய அப்பா.

ஊர்க்காரர்கள் எல்லாரும் தட்டினோம். நானும்தான் தட்டினேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

காரணம்? சர்வதேச விளையாட்டு விழாக் குழு கேலரியில் உட்கார்ந்திருந்தது. தொடக்க நாளில் எங்கள் ரோடியோவைச் சேர்ப்பதா, வேண்டாமா? இன்று பகல் பன்னிரண்டுக்கு முடிவு! சேர்த்தால் டேன் உலகத்தின் முன்னால் இறங்குவான்.

கால்நடை டாக்டர் ப்ரூயிட், பட்டியில் காதில் நம்பர் வில்லையோடு நின்ற கன்றைக் காட்டினார். "பாரு ப்ரான்வின்... பதினாலு! வைக்கோல் தின்னுட்டு ஜம்முனு நிக்குது!"

அவள் குனிந்து பார்த்தாள்.

"நேத்து ஓடுனது காளை. இது கிடேரி. ஒரே நாள்ல பொண்ணா மாறிடுச்சா டாக்டர்?"

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

"மெதுவா பேசும்மா... எல்லாம் ஊருக்காகத்தான்! போட்டுக் குடுத்தது எவன்?"

ப்ரான்வின் நேராக மைக் அறைக்குப் படியேறினாள்.

"குரலை மாத்துனா போதுமா வெர்ன்? நம்பர், பேரு, புள்ளி வச்சு செகண்ட்... இந்த ஊர்ல எழவைக்கூட அப்படிச் சொல்றவன் நீ ஒருத்தன்தானே!"

வெர்ன் தலைகுனிந்தான்.

"முப்பது வருஷப் பழக்கம்... வாய் கேக்கல. வெக்கமா இருக்கு ப்ரான்வின். அது செத்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கை தட்டச் சொன்னேன்."

"நான் போய்ச் சொல்லட்டுமா? டேன் உன் புள்ள..."

"வேணாம். பொய் சொன்ன வாயே சொல்லட்டும்."

மணி பன்னிரண்டு. கீழே டேன் குதிரை மேல் சிரித்தபடி, அப்பா தன் பெயரைச் சொல்வதற்காகக் காத்திருந்தான்.

மைக் கரகரத்தது.

"மக்களே! நேத்து பதினாலு எந்திரிக்கவே இல்ல... செத்துப்போச்சு! கயிறு என் மகனோடது. பொய் என்னோடது!"

டேனின் சிரிப்பு உறைந்தது. மெல்லத் தொப்பியைக் கழற்றினான்.

விழாக் குழு ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தது.

"பதினாலுக்கு ஒரு கை தட்டுங்க!"

ஒருவரும் தட்டவில்லை. நான் கைகளைப் பாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டேன்.

வெர்ன் மைக்கை இன்னும் நெருங்கினான்.

"என்ன மக்களே... நேத்து தட்டுன கை, இன்னிக்கு வலிக்குதா?"