அசையக் கூடாத தட்டு

செல்கள் தட்டின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தன. ரோவீனா மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இது கண்ட்ரோல் தட்டு. இதில் எதுவுமே நடக்கக் கூடாது.

கிறிஸ்துமஸ் வாரம். மெல்போர்ன் ஆய்வகத்தில் அவளைத் தவிர ஆளில்லை. வெளியே கோடை வெயில் சாலைத் தாரை உருக்கிக்கொண்டிருக்க, உள்ளே குளிர்பெட்டிகளின் முனகலும் ப்ளீச் நெடியும் காலி நாற்காலிகளைச் சுற்றி ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு மரபணுவின் வாயை அடைக்கும் ஆர்.என்.ஏ. துணுக்கு அவளுடைய பல வருட உழைப்பு. ஒப்பிட்டுப் பார்க்க, அதே துணுக்கின் நடுவில் மூன்று வேதி எழுத்துகளை மட்டும் மாற்றி, எந்த மரபணுவையும் அடைக்காத கண்ட்ரோலைச் செய்திருந்தாள். அதுவும் ஏதாவது செய்தால் ஆய்வு மொத்தமும் குப்பை.

கடற்கரைக்குப் போயிருந்த சக ஆய்வாளன் கேலமை போனில் பிடித்தாள்.

"கண்ட்ரோல் செல்லெல்லாம் ஒரே பக்கமா நகருது."

"பண்டிகை நாள்ல தட்டோட குடும்பம் நடத்தினா அப்படித்தான். தட்டு சாஞ்சிருக்கும். திருப்பி வச்சுட்டுப் போய் பீர் குடி."

"திருப்பினேன். மறுபடி நான் உக்காந்திருக்கிற பக்கமே வருது."

"யாரோட செல்லு அது? கம்பெனிக்காரன்தான் மாசக்கணக்கா அனுப்பலையே?"

அவள் முன்கையிலிருந்த தழும்பைத் தடவினாள்.

"அடிப்பாவி! உன் தோலையா வளர்த்த?"

அவன் சிரிப்பு. அலைச் சத்தம். லைன் போய்விட்டது.

முன்கையிலிருந்து கிள்ளியெடுத்த தோல்தான். அதனால் என்ன? கண்ட்ரோல்தான் சரியில்லை. முன்பே வரவழைத்திருந்த துணுக்குகளில் வேறு மூன்று எழுத்துகள் மாறிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். மனித மரபணுக்கள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டாள். எதோடும் பொருந்தவில்லை. புதுத் தட்டில் வளர்ந்த தன் செல்களில் விட்டாள்.

மறுநாள் மாலை அந்தச் செல்களும் நகர்ந்திருந்தன. இன்னும் வேகமாக. நாற்காலியை எதிர்ப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். காத்திருந்தாள். பார்த்தாள்.

திரும்பிவிட்டன. அவள் பக்கம்.

போதும். கொன்றுவிட வேண்டும். தட்டுகளைச் செல் வளர்க்கும் இன்குபேட்டருக்குள் தள்ளி, கண்ணாடிக் கதவை அடைத்துவிட்டு, ப்ளீச் பாட்டிலை எடுக்கத் திரும்பினாள்.

முன்கையை ஏதோ இழுத்தது.

வலியில்லை. கையை மேசையில் அழுத்திப் பிடித்தாள். கை அசையவில்லை. தோல் அசைந்தது. மயிரெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. இன்குபேட்டர் கதவுப் பக்கம். மணிக்கட்டில் தோல் தளர்ந்தது. சுருங்கியது. உறை கழல்வதுபோல் மெல்ல முன்னால் நகர்ந்தது.

நிமிர்ந்தாள்.

கண்ணாடியின் உட்புறத்தில் வெளிறிய படலம் ஒன்று ஒட்டியிருந்தது. ஈரமாக. அதற்கு ஐந்து விரல்கள்.

நகம் மட்டும் இன்னும் முளைக்கவில்லை.