வெள்ளியாண்டில் மேஜர்

மேகநல்லூரில் கால் வைத்த அன்றே முத்தரசிக்கு ஏழு வயது கூடிப்போனது. கப்பலை விட்டு இறங்கும்போது அவளுக்குப் பன்னிரண்டு. வாசலில் நின்ற ஆண்டுமாற்றி இயந்திரம் அவள் பிறந்த தேதியை வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு வெள்ளிக்கோள் சூரியனை எத்தனை முறை சுற்றியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, 'வயது 19' என்று அச்சடித்த வில்லையை நீட்டியது.

அம்மா அன்னக்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடி ஆத்தி, ஒரே எட்டுல குமரியாயிட்டியே" என்றாள்.

அப்படிச் சிரித்ததை நினைத்துத்தான் பிறகு அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மேகநல்லூர், வெள்ளியின் அமில மேகங்களுக்கு மேலே மிதக்கிற நகரம். வெள்ளிக்கு ஓராண்டு என்பது பூமியின் கணக்கில் ஏழரை மாதம் கூட இல்லை. 'நம் கோளுக்கு நம் ஆண்டு' என்று குடியேறியவர்கள் கொடி பிடித்த காலத்தில், அந்த நாட்காட்டியை வகுத்துக் கொடுத்தவர் திருமேனி. ஆண்டுமாற்றியும் அவர் செய்ததுதான். சட்டப் புத்தகத்தில் பதினெட்டு வயது என்று இருந்த இடங்களையெல்லாம் யாரும் தொடவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் சீக்கிரமே 'பெரியவர்கள்' ஆனார்கள், சீக்கிரமே அமிலத் தொட்டி வேலைக்கு வந்தார்கள். ஆள் பற்றாக்குறை தீர்ந்தது. ஊர் திருமேனிக்கு மாலை போட்டது.

அன்னக்கொடிக்குத் தொட்டி கழுவும் வேலை கிடைத்தது. முத்தரசி புதிதாக வந்தவர்களுக்கான பயிற்சி வகுப்புக்குப் போனாள். ஒரு நாள் வகுப்பு விட்டு வரும் வழியில், கோதண்டத்தின் ஆட்கள் அவளை மிதவூர்தியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். நகரத்துக்கு எரிவாயு விற்கிற கோதண்டத்துக்குத் தனியாக ஒரு மிதவையே சொந்தம். மறுநாளே அங்கே தாலி கட்டிப் பதிவும் செய்துவிட்டான்.

காவல் நிலையத்தில் அன்னக்கொடியை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "மேஜர் பொண்ணும்மா. பிரியப்பட்டுப் போயிருக்கு. நாங்க என்ன செய்ய முடியும்?" என்று வில்லையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன் அடியில் ஒரு கையெழுத்து இருந்தது. அது யாருடையது என்று விசாரித்துக்கொண்டு அவள் திருமேனியின் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

கதவைத் திறந்தது அவருடைய மருமகள் நன்முல்லை. மேகநல்லூரிலேயே பிறந்தவள். வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தாள்.

அன்னக்கொடி வில்லையைத் திருமேனியின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "எம்புள்ளைக்குப் பத்தொம்போதுன்னு சொன்னது நீங்கதானா ஐயா?"

"நான் இல்லையம்மா. அது இயந்திரம் போடுற கணக்கு."

"இயந்திரமா அவளப் பெத்துச்சு? இன்னும் எஞ்சீலையப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குறா. ஒரு தடவ அவ மூஞ்சியப் பாத்திருந்தா இப்படி எழுதியிருப்பீங்களா?"

திருமேனி வில்லையை எடுத்துப் பார்த்தார். தட்டைத் தள்ளி வைத்தார். தண்ணீர்ச் செம்போடு வந்த நன்முல்லை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அன்னக்கொடியின் மனுவை அவரே எழுதி நீதிமன்றத்தில் கொடுத்தார். சாட்சிப் பட்டியலில் தன் பெயரையும் போட்டார். நாட்காட்டியை நிறைவேற்றிய நகரசபையிலிருந்து பழைய நண்பர்கள் வந்து சொல்லிப் பார்த்தார்கள். "ஒரு பொண்ணுக்காக ஒரு கோளோட நாட்காட்டியையே கூண்டுல ஏத்துவியா?" என்று கேட்டார்கள். அவர் கேட்கவில்லை. அந்தப் பிடிவாதத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தப்பைத் தானே திருத்தப்போகிறோம் என்கிற பெருமை.

நீதிபதி உமையாள் முதலில் பெண்ணை அழைத்துவரச் சொன்னார். பட்டுப் புடவைக்குள் முத்தரசி எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டியிருந்தது. கோதண்டம் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"உனக்கு என்ன வயசும்மா?" என்று நீதிபதி கேட்டார்.

முத்தரசி யோசித்தாள். "எங்க ஊருலயா, இங்கயா?"

மன்றத்தில் யாரோ சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்கள். அவள் கன்னத்துக்குள் நாக்கால் துழாவிக்கொண்டே இருப்பதை நீதிபதி கவனித்தார்.

"பல் வலிக்குதா?"

"இல்ல. ஆடுது. கடைசிப் பால்பல்லு. விழுந்தா அம்மாகிட்ட குடுக்கணும்னு வச்சிருக்கேன்."

"இங்கே இருக்க உனக்கு இஷ்டமா?"

"எங்கம்மாகிட்ட போணும்" என்றாள்.

அடுத்து திருமேனி கூண்டில் ஏறினார். கோதண்டத்தின் வழக்கறிஞர் நேராக விஷயத்துக்கு வந்தார். "வெள்ளியாண்டுக் கணக்கில் பிழை இருக்கிறதா?"

"கணக்கில் பிழை இல்லை. கோள் எத்தனை முறை சுற்றியது என்று அது சரியாகச் சொல்கிறது. பிள்ளை எவ்வளவு வளர்ந்தாள் என்று அதற்குத் தெரியாது. எலும்பும் பல்லும் எந்தச் சூரியனையும் சுற்றுவதில்லை."

அவர் அதை வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தார். நன்றாகத்தான் சொன்னார். அன்னக்கொடி கைகூப்பினாள். அப்போது நீதிபதி கேட்டார்:

"ஊரில் எல்லாவற்றுக்கும் வெள்ளியாண்டு. ஓய்வூதியத்துக்கு மட்டும் புவியாண்டு. ஏன்?"

"அறுபது வெள்ளியாண்டில் ஓய்வு கொடுத்தால், முப்பத்தேழு வயதுக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டி வரும். ஊர் தாங்காது என்று…"

"அப்படியானால் உடம்புக்கு உண்மையில் என்ன வயது என்பது உங்கள் சபைக்குத் தெரிந்துதான் இருக்கிறது."

நாட்காட்டி தயாரான அன்று சபைக்கூடத்தில் நடந்த பேச்சு அவருக்கு நினைவு வந்தது. ஓய்வூதியத்தைப் பற்றி ஒரு பகல் முழுக்க விவாதித்தார்கள். பிள்ளைகளைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவரும்தான்.

"தெரிந்துதான் இருந்தது" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. நீதிபதி மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னார்.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. திருமணம் செல்லாது, கோதண்டத்துக்கும் அவன் ஆட்களுக்கும் சிறை. இனி எல்லோருடைய வயதும் புவியாண்டிலேயே எண்ணப்படும். இதற்கு முன் நடந்த திருமணங்களுக்கும் இது பொருந்தும். ஒரு மணி நேரத்துக்குள் ஊர் முழுக்க ஆண்டுமாற்றிகள் கணக்கைத் திருப்பிப் போட்டன. மேகநல்லூரே இளமையாகிவிட்டது. அதில் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இல்லை. முத்தரசி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, புடவை தடுக்கத் தடுக்க வெளியே போனாள்.

திருமேனி வீடு வந்து சேர்ந்தபோது நன்முல்லை கூடத்தில் நின்றிருந்தாள். மன்றத்தில் நடந்ததையெல்லாம் ஒலிபரப்பில் கேட்டிருந்தாள். அவள் கணவன், திருமேனியின் மகன் இளம்பரிதி வேலையிலிருந்து இன்னும் வரவில்லை.

"மாமா, எனக்கு இருபத்தாறுன்னா, புவியாண்டுல என்ன?"

இங்கேயே பிறந்தவர்களுக்கு யாரும் புவியாண்டு பார்ப்பதில்லை. பார்த்திருக்கலாம். ஒரே ஒரு பெருக்கல். ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டவர் தன் வீட்டுக்குள் அதைப் போட்டதில்லை.

"பதினாறும்மா."

"கல்யாணத்தன்னைக்கு?"

தாயில்லாப் பெண், அப்பனுக்கு ஒரு பாரம் குறைந்தது, நல்ல சம்பந்தம் என்று ஊரே சொன்னது. இதையெல்லாம் சொல்ல நாக்கு புரண்டது. அடக்கிக்கொண்டார்.

"பதிமூணு… நிறையலை."

அவள் தலையை ஆட்டினாள். அதிர்ச்சியடைந்த மாதிரி தெரியவில்லை. "அன்னைக்கு நான் மேடையை விட்டு எறங்கி ஓடினேன். நீங்கதான் புடிச்சு உக்கார வச்சீங்க. பொறந்த வீட்டைப் பிரியற துக்கம், எல்லாப் பொண்ணுக்கும் இருக்கிறதுதான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க."

அவருக்கு அது ஞாபகம் இருந்தது. அந்த மணிக்கட்டு எவ்வளவு சிறிதாக இருந்தது என்பதும் ஞாபகம் இருந்தது. நீதிமன்றத்தில் அவர் தலை குனிந்தது ஒரு குனிவே இல்லை என்று இப்போது பட்டது.

"நானே மனு எழுதித் தர்றேன்மா. உன்கூட நானும் வர்றேன்" என்றார்.

"வேண்டாம் மாமா. நான் அந்த அன்னக்கொடியம்மாவோட போய்க்கிறேன். உங்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. அப்ப வந்தாப் போதும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். திருமேனி அவள் பின்னால் வாசல் வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுவிட்டார்.

நீளமான நடைக்கூடம். அவள் நாலு வீடு தாண்டுவதற்குள் எதிர்வீட்டுக் கதவு ஒன்று திறந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் தயங்கித் தயங்கி வெளியே வந்து நன்முல்லையோடு சேர்ந்துகொண்டாள். அப்புறம் கோடியில் ஒரு கதவு. அதற்கும் அப்பால் இன்னொன்று. அத்தனை பெண்களையும் திருமேனிக்குப் பெயர் சொல்லித் தெரியும். அத்தனை பேர் கல்யாணத்திலும் முன்பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர்.