மேல்படிவு

குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் முதலில் காதைத்தான் சோதிக்கிறார்கள். குறும்பி இருந்தால் அதை அங்கேயே எடுத்த பிறகுதான் அனுமதிச் சீட்டு. இன்காக்களின் கோட்டைகளைச் சும்மா பார்த்துவிட்டுப் போக இப்போது யாரும் வருவதில்லை. எல்லாரும் கேட்கத்தான் வருகிறார்கள்.

சுயம்புலிங்கத்துக்குக் காது சுத்தமாக இருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருடம், கப்பல் என்ஜினின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொன்ன காது அது. கப்பல் முனகினால் இவருக்குக் கேட்கும், வீட்டில் கூப்பிட்டால் கேட்காது என்பாள் அவர் மனைவி ஆவுடைச்செல்வி. அவள் போய் எட்டு மாதம் ஆகிறது.

தனி வழிகாட்டியாக வந்த நில்தா மலைக்கிராமத்துப் பெண், நாற்பது வயதிருக்கும். அவள் பேசிய கெச்சுவா மொழி, அவர் மாட்டியிருந்த செவிப்பெயர்ப்பிக்குள் போய்த் தமிழாக வெளியே வந்தது; அவர் பேசியது அவளுக்குக் கெச்சுவாவாகப் போனது. எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்ட கருவி நெல்லைத் தமிழையே எடுத்துவிட்டதால், ஆண்டிஸ் மலையில் ஒருத்தி அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல ஒயாந்தைதாம்போ கோட்டைக்குப் போவமா அண்ணாச்சி? கல்லு சொமந்தவங்க பாட்டு அங்க இருக்கு. இன்னும் யாரும் தொடல."

"வேண்டாம்மா. சக்சைவாமன் கோட்டை மட்டும் போதும். அதுலயும் ஒரே ஒரு கல்லு."

கோட்டைச் சுவரில் ஆளுயரத்தையும் தாண்டிய கற்கள், சாந்தே இல்லாமல், கத்தி முனைகூட நுழையாதபடி ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன. அந்த இடுக்கில்தான் கல்செவி என்கிற கருவியை வைப்பார்கள். பக்கத்தில் எழுகிற ஒவ்வொரு சத்தமும் இடுக்கில் மெல்லிய படிவாக விழுகிறது. நேற்றையது மேலே, ஐந்நூறு வருடத்துக்கு முந்தையது அடியில். எழுத்து என்று ஒன்றை வைத்துக்கொள்ளாத இன்காக்களின் பேச்சைக் கேட்க வேறு வழி கிடையாது. அடியில் உள்ளது வேண்டுமென்றால் மேலே உள்ளதைக் கருவி சுரண்டித் தள்ளியாக வேண்டும். தள்ளப்படுவது வெறும் பயணிகளின் அரட்டை. அதற்கு மேல்படிவு என்று ஒரு பெயர் வைத்ததோடு சரி, யாரும் அதற்காகக் கவலைப்பட்டதில்லை.

நில்தா மூன்று கோகா இலைகளை விரலிடுக்கில் பிடித்து, மலையைப் பார்த்து ஊதினாள்.

"என்ன கேக்கப் போறோம்னு மலைகிட்டச் சொல்லி அனுமதி வாங்கணும் அண்ணாச்சி. அதுதான் எங்க மொற. சொல்லுங்க."

"மேல்படிவு."

"மேல உள்ளதா? எல்லாரும் அடியில உள்ளதையில்லா கேப்பாவ!"

சுயம்புலிங்கம் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஆறு வருடத்துக்கு முன் ஆவுடையோடு இதே கோட்டைக்கு வந்திருக்கிறார். பிறகு அவளுக்குத் தொண்டையில் வியாதி வந்தது. அறுவை சிகிச்சை உயிரைக் கொஞ்ச காலம் விட்டுவைத்துவிட்டுக் குரலை எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் அவள் எழுதித் தந்த காகிதம் அது.

'அன்னைக்குக் கோட்டையில நீங்க தண்ணி வாங்கப் போனப்ப கல்லுகிட்ட உங்களுக்கு ஒண்ணு சொன்னேன். நீங்க கேக்கல. போய்க் கேளுங்க.'

என்ன சொன்னாய் என்று கெஞ்சிப் பார்த்தார். எழுதமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுச் சிரித்தாள். முப்பத்திரண்டு வருடம் கூடவே இருந்தவள் தனக்கென்று சொன்ன ஒன்று இந்த மலையில் கிடக்கிறது, அதைக் கேட்காமல் தன்னால் சாகக்கூட முடியாது என்று அவருக்குத் தோன்றியது. படுத்திருக்கும் ஆட்டைப்போல் இருந்த அந்தக் கல்லை அவர் மறக்கவில்லை. அதை அவருக்குக் காட்டியதே அவள்தான்.

அவர் வாசித்துக் காட்டி நீட்டிய காகிதத்தை நில்தா மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். கல்செவியை இடுக்கில் வைத்து ஒவ்வொரு வருடமாக இறக்கினாள். ஆறாவது வருடத்தில் அவள் கை நின்றது.

"அண்ணாச்சி, இது ஏற்கெனவே சொரண்டின கல்லு. இங்கேருந்து கீழ பள்ளமாக் கெடக்கு."

"என்னைக்கி?"

"ஆகஸ்ட் பதினேழு. பகல் பதினொண்ணு இருவது."

"யாரு?"

அவள் பதிவேட்டில் இருந்த பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். அது அவருடைய பெயர்.

சுயம்புலிங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று இந்தக் கல்லைக் கேட்டதும் மேல்படிவைச் சுரண்டித்தான் என்பது அவருக்கு இதுவரை உறைக்கவே இல்லை. அன்று தண்ணீர் பாட்டிலோடு அவர் திரும்பி வந்தபோது, ஆவுடை முகமெல்லாம் மலர்ந்து, "இந்தக் கல்லையே கேப்பமே" என்று கையைப் பிடித்து இழுத்தாள். கருவி மேலேயிருந்து தொடங்கும், தன் குரல்தான் முதலில் அவர் காதில் விழும் என்று நினைத்திருக்கிறாள், பாவி மகள். கருவியோ அதை அரட்டை என்று சுரண்டி எறிந்துவிட்டு, யாரையோ கூப்பிடுகிற இன்காப் பெண்ணின் குரலை நாலு விநாடி கொடுத்தது. அந்த நாலு விநாடியை அவர் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். வந்தவர்களுக்குக் காப்பி கொண்டுவந்த ஆவுடையும் ஒவ்வொரு தடவையும் நின்று கேட்டுவிட்டுப் போவாள்.

"சொரண்டி முடிச்ச ஒடனே விழுந்தது கொஞ்சம் இருக்கு," என்றாள் நில்தா தயங்கியபடி. "தமிழு மாதிரித்தான் இருக்கு. கேக்கியளா?"

அவர் தலையசைத்தார்.

காற்று இரைந்தது. அப்புறம் மிகப் பக்கத்தில், வியாதி தொடாத அந்தக் குரல்.

"ஏங்க, கேட்டுச்சா?"

அடுத்தது ஓர் ஆணின் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஏட்டி, சும்மா நில்லு. முக்கியமானது ஓடிட்டிருக்கு."

சிறிது நேரம் காற்று மட்டும்.

"சரி," என்றாள் ஆவுடை.

அவ்வளவுதான். அதற்கப்புறம் யாரோ ஒரு குடும்பம் படம் பிடித்துக்கொள்ளும் சத்தம் வந்தது. சுயம்புலிங்கம் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கோட்டைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதார். நில்தா அவருக்கும் வெயிலுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

அழுகை அடங்கியதும் அவள் கருவியை அணைத்தாள். கேட்க வந்தவர்களிடம் கடைசியில் ஒரு கேள்வி கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது வழிகாட்டிகளுக்குச் சட்டம். மனசில்லாமல்தான் கேட்டாள்.

"கேட்டுச்சா, அண்ணாச்சி?"

அவர் எழுந்து, ஆவுடை வாய் வைத்துப் பேசிய இடுக்கில் தன் வாயை வைத்தார்.

"கேட்டுச்சுட்டி," என்றார்.

செவிப்பெயர்ப்பி கடைசியில் இருந்த அந்த 'ட்டி'க்குக் கெச்சுவாவில் ஒரு சொல் தேடிப் பார்த்தது. கிடைக்கவில்லை. அதை விட்டுவிட்டு, வாடிக்கையாளருக்குக் கேட்டது என்று மட்டும் நில்தாவிடம் சொன்னது.