தயங்கிய மீன்கொத்தி

பொற்கொடி தன் வாழ்நாளில் ஊறுகாய் பாட்டில் மூடியிடம்கூடத் தோற்றதில்லை. யாருமே தோற்றதில்லை. மூடிக்குள் மிளகளவு இசைவி ஒன்று இருந்தது. பிடிக்கும் கையின் பலத்தை அளந்து, கொஞ்சம் முக்கினால் திறக்கிற அளவுக்கு மட்டும் அது மரையை இளக்கிவிடும். அடுப்பு, தையல் மிஷின், வாசல் கதவு, ஓட்டுநர் தேர்வு என்று இசைவி இல்லாத இடமில்லை. லேசில் விடாது, கைவிடவும் செய்யாது. வியர்க்க வைத்து, கடைசியில் ஜெயிக்க வைத்து, "நன்றாகச் செய்தீர்கள்" என்று மெல்லிய குரலில் சொல்லும். அவள் தெருவில் வீட்டுக்கு ஒரு கேரம் சாம்பியன் இருந்தார். இரண்டு சாம்பியன்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் ஆட்டம் சமனில் முடியும்.

அவளுக்கு ஒரு சந்தேகம் நெடுநாளாய் அரித்துக்கொண்டிருந்தது. இந்தக் கைக்கு நிஜமாகவே ஏதாவது வருமா?

கோவை பீளமேட்டில் பழைய ஆட்டப்பெட்டிகளின் காட்சிக்கூடம் ஒன்றை இக்பால் நடத்திவந்தார். காசு போட்டு, நின்றபடி பிடியைத் திருகி ஆடிய காலத்துப் பெட்டிகள். அவற்றைப் பழுது பார்ப்பது பொற்கொடியின் வேலை. அந்தப் பெட்டிகளிலும் இசைவி புகுந்துவிட்டிருந்தது. உலகத்தில் வெளிவந்த ஆட்டம் ஒவ்வொன்றும் இசைவியின் பொருட்பட்டியலில் உண்டு. பட்டியலில் பார்த்து, ஆடுகிறவர் கைக்கேற்ப எதிரிகளை மந்தமாக்கிவிடும்.

அப்படி இருக்கையில்தான், இடிபட்ட ஒரு தியேட்டரின் கிடங்கிலிருந்து பெயரில்லாத பெட்டி ஒன்று வந்து இறங்கியது. வர்ணம் பூசாத பலகை, ஓவியம் கிடையாது. திரையில் ஒரு குளம், குளத்தில் ஒரு மீன், மேலே மீன்கொத்திகள். மீன்தான் நாம். கொத்திகள் காற்றில் சிறகடித்து நின்று, சட்டென்று பாயும். தப்ப வேண்டும், அவ்வளவுதான்.

"இது வெள்ளோட்டப் பெட்டிங்க பாய்," என்றாள் பொற்கொடி, பின்கதவைக் கழற்றிப் பார்த்துவிட்டு. "ஆட்டத்த முழுசா விக்கறதுக்கு முன்னால ஏதாச்சும் ஒரு கடைல வெச்சுப் பாப்பாங்க. சனம் ஆடலைன்னா அப்படியே அமுக்கிருவாங்க. இது வெளியவே வரல."

இசைவியை அதன் மேல் ஒட்டினார் இக்பால். மஞ்சள் விளக்கு எரிந்தது. தெரியாத பொருள்.

"பட்டியல்ல இல்லீங்களே!" என்றார் அவர். "அப்ப இதுகிட்ட யாரு அம்மணி நமக்குச் சிபாரிசு பண்றது?"

பொற்கொடி பிடியைப் பிடித்தாள். முதல் கொத்தி சிறகடித்தது தெரிந்தது, பாய்ந்தது தெரியவில்லை. அடுத்த மீனும் போயிற்று. மூன்றாவதும் போயிற்று. திரை இருண்டது. "நன்றாகச் செய்தீர்கள்" என்று எந்தக் குரலும் வரவில்லை.

அவள் காது மடல் சுட்டது. "தோத்துட்டனுங்க பாய்!" என்று கத்தினாள். "நிஜமாலுமே தோத்துட்டேன்!"

"கண்ணுல தண்ணி வருது, சிரிக்கவும் சிரிக்கறீங்க. நல்லாத்தான இருக்கீங்க?"

அன்று முழுக்கப் பெட்டியின் பின்கதவைத் திறந்து போட்டு அதையே சுற்றிவந்தாள். பலகையில் பதித்த நினைவுச் சில்லுகளின் முதுகில் காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஒன்றில் மட்டும் பேனாவால் குட்டியாய் ஒரு மீன்கொத்தி வரைந்திருந்தது. ஆட்டத்தை யோசித்தவரே வரைந்ததாக இருக்கும். ஆசை தாங்காமல் அதை உரித்துத் தன் கருவிப் பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொண்டாள். காகிதம் இருந்த இடத்தில் சில்லுக்கு ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல். அழகாயிருக்கிறதே என்று நினைத்ததோடு சரி. சூடேறாமல் இருக்கட்டும் என்று பின்கதவையும் மாட்டவில்லை.

தினமும் ஆடினாள். தினமும் தோற்றாள். ஆனால் தோற்பதற்கு நேரம் பிடிக்கத் தொடங்கியது. கொத்தியின் பாய்ச்சலைக் கண் பிடித்தது, பிறகு கையும் முந்திக்கொண்டது. இந்தக் கை கற்றுக்கொள்கிறது என்று அவளுக்குப் புல்லரித்தது. ஒரு மழைநாளில் குளத்தின் கடைசிக் கரையை மீன் தொட்டது.

மறுநாளே இக்பால் வாசலில் பலகை மாட்டிவிட்டார்: 'இசைவியின்றி வென்ற கை: பொற்கொடி.' பத்திரிகைகளில் வந்தது. தோற்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து கேட்டு எழுதினார்கள்.

முதலில் வந்தவர் தூத்துக்குடி கண் மருத்துவர் ஃப்ளோரா பர்னாந்து. "எனக்கு வேடிக்கை பாக்க நேரமில்லம்மா," என்றார் வந்ததும். "ஆழ்கடல் ஆராய்ச்சிக் கப்பல்ல வேலைக்குக் கூப்பிடுதாவ. கரையத் தாண்டினா பட்டியலோட தொடர்பு அந்துரும், இசைவி ஓடாது. கத்தி என் கையில மட்டும்தான். இத்தன வருசம் கண்ண அறுத்தது நானா, கத்திக்குள்ள இருந்த இசைவியான்னு எனக்கே தெரியல. இந்தப் பெட்டிகிட்ட மண்ணக் கவ்வினேன்னா கப்பலுக்கு மாட்டேன்னு சொல்லிருவேன்."

ஆடினார். முதல் ஆட்டத்திலேயே கரையைத் தொட்டார்.

"ஜெயிச்சுட்டேன் போலிருக்கே?" அவர் குரலில் சந்தோஷத்தோடு ஒரு நெருடலும் இருந்தது. "ஆனா அந்தப் பறவை என்னப் பாத்துத் தயங்கின மாதிரி இருந்துச்சு. இதுவும் என் மேல இரக்கப்பட்டுருச்சா?"

"கொஞ்சம் இருங்க டாக்டரம்மா. பெட்டியப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

பின்பக்கம் போய், காகிதம் உரித்த சில்லைக் கழற்றிப் படிப்பானில் செருகினாள் பொற்கொடி. கொத்தி பாய்வதற்கு முன் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்ற எண்கள் அந்தச் சில்லில்தான் இருந்தன. எல்லாமே பெரிய எண்கள், ஏறக்குறைய உச்ச அளவு. ஆட்டத்தைச் செய்கிறவர் யாரும் அப்படி வைக்கமாட்டார். அவள் மெதுவாகத் தலையைத் தூக்கி, கூரையில் இருந்த ஊதா விளக்கைப் பார்த்தாள். கூடத்தைப் பூட்டியதும் கிருமி கொல்ல எரிகிற விளக்கு.

"என்னாச்சுங்க அம்மணி?" என்றார் பின்னாலேயே வந்த இக்பால்.

"அந்த ஊதா வெளிச்சம் பட்டா இந்தச் சில்லு மறந்துருமுங்க பாய். அதுக்குத்தான் சன்னல்மேல காகிதம் ஒட்டியிருக்காங்க. நான் உரிச்சுட்டேன்." கருவிப் பெட்டி மூடியில் இருந்த மீன்கொத்தியைக் காட்டினாள். "மறக்க மறக்க இதுல எண்ணு குறையாது, ஏறும். எண்ணு ஏறினா கொத்தி காத்திருக்கும். நான் ஆடக் கத்துக்கலீங்க. அது பாயறத மறந்துட்டு வந்துச்சு."

இக்பால் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்ப நீங்க ஜெயிச்சது?"

"முதல் நாள் தோத்தனே, அது ஒண்ணுதான் நிஜம்."

"உள்ளதச் சொன்னா வாசப்பலகையக் கழட்டணும்," என்றார் அவர். "அந்தம்மாளும் மனசொடிஞ்சு போவாங்க. யோசிச்சுக்குங்க."

யோசிக்க என்ன இருக்கிறது, சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் முன்பக்கம் வந்தாள். மருத்துவர் தன் இரண்டு கைகளையும் விரித்து, அப்போதுதான் கிடைத்தவை போலப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பொற்கொடிக்குத் தெரியும். மழைநாளில், இருண்ட திரைக் கண்ணாடியில் தன் முகமாகப் பார்த்தது.

"சொல்லுங்கம்மா. பறவை தயங்குச்சா?"

பொற்கொடி வாயைத் திறந்தாள்.

"நன்றாகச் செய்தீர்கள்," என்றாள். மெல்லிய குரல். தன்னுடையதுதானா என்று அவளுக்கே துணுக்கென்றது.

"அப்ப கப்பல்ல ஏறிருதேன்!" மருத்துவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வெளியே போனார். வாசல் கதவு சாத்திக்கொண்டது.

ஒரு கண்ணைக் கற்பனை செய்தாள் பொற்கொடி. ஆடுகிற கப்பல், விளக்கின் கீழ் திறந்திருக்கும் ஒரு கண். ஓடிப்போய்க் கதவில் கையை வைத்தாள். வைத்தாளே தவிரத் தள்ளவில்லை. சொன்னால் பலகை போய்விடும். சொல்லாவிட்டால்?

கைக்கு அடியில் கதவின் இசைவி அவள் பலத்தை அளந்தது. பலமே இல்லை. கதவை அது தானே முழுக்கத் திறந்துவிட்டது. தெருமுனையில் மருத்துவர் வாடகை வண்டிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார், கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

"நன்றாகச் செய்தீர்கள்," என்றது கதவு.